ஜகார்த்தாவில் ரெண்டு தமிழர்

போன வாரம் சாயங்காலம் கருப்பட்டி யாவாரிக்குக் காத்துக்கிட்டு வேம்பார் கடற்கரையில உக்காந்திருந்தேன். பயலுவ வெறுங்காலோட மணல்ல பந்து உதைச்சிக்கிட்டிருந்தானுவ. ஒருத்தன் முதுகுல மெஸ்ஸி, இன்னொருத்தன் முதுகுல ரொனால்டோ. பனைமட்டை ரெண்டை நட்டு அதுதான் கோல் கம்பம். கோலி நின்ன பயகிட்ட, "எலேய், பீட்டர் தங்கராஜ்னு கேள்விப்பட்டிருக்கியால?"ன்னு கேட்டேன்.

"எந்தத் தெருவு அண்ணாச்சி?"ன்னான்.

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. முத்துக்குளித்துறை ஊர்கள்ல வடகோடி எங்க ஊரு. இந்தக் கரையில பீட்டரும் தங்கராஜும் தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. நான் கேட்ட தங்கராஜ், ஆசியாவிலேயே பெரிய கோலிகளில் ஒருவர். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துத் தங்கம் வாங்கியபோது இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர். அதே ஆட்டத்தில் முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராமும் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான்.

அந்தத் தங்கத்தை யாரும் எதிர்பார்க்கலை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயிச்சாங்க, ஆனா பின்வரிசையைத் தாங்கிய ஜர்னைல் சிங்குக்கு அந்த ஆட்டத்துல தலை உடைஞ்சு தையல் போட வேண்டியதாப் போச்சு. தங்கராஜ் காய்ச்சல்ல கிடந்தார். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், நுரையீரல் புற்றுநோயோடுதான் ஜகார்த்தாவுக்கே போயிருந்தார்.

ரஹீம் செஞ்ச வேலையைச் சம்சாரிக்குச் சொன்னா டக்குனு புரியும். வலத்தங்காளை நொண்டுனா இடத்தம் பக்கம் மாத்திக் கட்டி அன்னைக்கு உழவை முடிப்போம்ல, அதேதான். உடைஞ்ச தலையோட பின்வரிசையில் நிறுத்தினால் ஆபத்து என்று ஜர்னைல் சிங்கை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று ஜெயிச்சதில் ஒரு கோல் அவருடையது. இறுதி ஆட்டத்துக்கு, கொரியர்களின் உயரப் பந்துகளைப் பிடிக்க நெட்டையான ஆள் வேணும்னு, காய்ச்சல் விட்ட தங்கராஜை இறக்கினார். இந்தத் தங்கராஜும் ஆரம்பத்தில் முன்வரிசையில் கோல் அடிச்சிக்கிட்டிருந்தவர்தான், கோலியானது பிறகு.

இதுக்கு நடுவுல வெளியே ஒரு கலவரம். இந்தோனேசியா அந்தப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் வரவிடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்று இந்திய அதிகாரி சோந்தி எதிர்ப்பு சொல்ல, ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகத்தையே கூட்டம் தாக்கியது. செப்டம்பர் 4ஆம் தேதி, ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிரா கூச்சல் போட்ட மைதானத்துலதான் இறுதி ஆட்டம். அன்னைக்கு நமக்குக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள்தான் என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 17ஆம் நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல், 20ஆம் நிமிஷம் கட்டுப்போட்ட தலையோட ஜர்னைல் சிங் ஒரு கோல். முடிவு 2-1. அடுத்த வருஷம் ஜூன் மாசம் ரஹீம் இறந்துபோனார். அதுக்கப்புறம் இன்னைக்கு வரை ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடையாது. 1970இல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான்.

தமிழர் ரெண்டு பேருன்னு நாம பெருமைப்படலாம். ஆனா ரெண்டு பேருமே தமிழ்நாட்டு ஊர்கள்ல வளர்ந்தவங்க இல்லை, செகந்திராபாத் ராணுவக் குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தவங்க. பட்டாளம் இருந்த இடத்துல மைதானம் இருந்துச்சு, போட்டி இருந்துச்சு, ஆளைக் கண்டுபிடிக்க ரஹீம் மாதிரி ஒருத்தர் இருந்தார். தங்கராஜைப் பெரிய கோலியாக்கியது குன்னூர் பக்கத்து வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட். எங்க கரையில மணலும் காலும் இருக்கு. மத்தது ஒண்ணும் இல்லை.

பலராம் கதை இன்னும் கஷ்டம். சுனி கோஸ்வாமி, பி.கே., பலராம் மூணு பேரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். 1963லேயே நுரையீரல் நோய், முப்பது வயசு ஆகுமுன்னே ஆட்டம் நின்னு போச்சு. மத்த ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது, இவருக்கு அர்ஜுனாவோட சரி. 2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் இறந்தார். நம்ம டீக்கடைப் பேப்பர்ல எந்தப் பக்கத்துல வந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியலை.

இதையெல்லாம் அந்தக் கோலிப் பயகிட்ட சொன்னேன். பாதிக்கு மேல அவன் காதுல ஏறலை. கடைசியில ஒண்ணுதான் கேட்டான்: "கொரியாக்காரன் அடிச்ச அந்த ஒரு கோலு எப்ப விழுந்துச்சு அண்ணாச்சி?"

"ஆட்டம் முடியப்போற நேரத்துல, 85ஆம் நிமிஷம்"னேன்.

"அப்ப சரி"ன்னுட்டுப் பனைமட்டைக்கு நடுவுல போய் நின்னுட்டான்.