சட்டக் கல்லூரி வாசலில் ஒரு மொழித் தேர்வு

1887-ல் அகமதாபாத்தில் பம்பாய் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதிய ஒரு குஜராத்தி மாணவர் ஆங்கிலத்தில் 200-க்கு 89 மதிப்பெண் வாங்கினார். மொத்தம் 625-க்கு 247.5. அதாவது நாற்பது சதவீதம் கூட இல்லை. அடுத்த ஆண்டு பாவ்நகரில் சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் நடத்தியது எதுவும் புரியவில்லை. ஒரு பருவம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அதே 1888 செப்டம்பரில் அவர் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பாரிஸ்டர் ஆவதற்கான தேர்வுகள் அப்படியொன்றும் கடினமானவை அல்ல. குறிப்புகளை வைத்துக்கொண்டு சில வாரங்கள் படித்தால் தேறிவிடலாம் என்று அவரே பிற்பாடு தன் சுயசரிதையில் சொல்கிறார். கடினமாக இருந்தது மொழிதான். ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு உட்கார்ந்தார். அதற்கு லத்தீன் கட்டாயம். முதல் முறை லத்தீனிலேயே தோற்றார். விடவில்லை. 1890-ல் மறுபடி எழுதித் தேறினார். பிறகு ரோமானியச் சட்டத்தை லத்தீனிலேயே படித்தார். ஆங்கிலத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி இன்னும் எளிமையானது. இந்தியாவில் செய்தித்தாளே படித்திராதவர், லண்டனில் தினமும் மூன்று செய்தித்தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். இன்றைக்குச் சட்ட நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் எந்த மாணவரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: தினமும் ஆங்கிலப் பேப்பர் படி!

அன்று லண்டனில் லத்தீன் செய்த வேலையைச் சுதந்திர இந்தியாவில் ஆங்கிலம் செய்து வருகிறது. ஆனால் இந்த வாசல் எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. அது எப்படிக் குறுகியது என்பதுதான் இங்கே விஷயம்.

முன்பெல்லாம் சட்டம் படிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பட்டம் வாங்க வேண்டும். பிறகு மூன்று ஆண்டு சட்டப் படிப்பு. தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்த ஒருவருக்கு நடுவே ஒரு மூன்றாண்டு அவகாசம் கிடைத்தது. பி.ஏ. படிக்கிற காலத்தில் தட்டுத்தடுமாறியாவது ஆங்கிலத்தைப் பிடித்துவிடலாம். 1980களில் பிளஸ் டூ முடித்தவுடனே சேரும் ஐந்தாண்டுப் படிப்பு வந்தது. அதற்கு முன்மாதிரியாகப் பெங்களூரில் இந்திய தேசிய சட்டப் பள்ளி தொடங்கப்பட்டு, 1988-ல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தார்கள். அதன் முதல் இயக்குநர் கேரளத்தைச் சேர்ந்த என். ஆர். மாதவ மேனன். இந்தியச் சட்டக் கல்வியின் தரத்தை அந்தப் பள்ளி உயர்த்தியது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒன்றும் கூடவே நடந்தது. மொழித் தேர்வு இருபத்தொரு வயதிலிருந்து பதினேழு வயதுக்கு இறங்கி வந்துவிட்டது.

பெங்களூரைப் பார்த்து ஹைதராபாத், போபால், கொல்கத்தா, ஜோத்பூர், ராய்ப்பூர், காந்திநகர் என்று தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, தனித்தனி விண்ணப்பக் கட்டணம். சில சமயம் தேதிகளும் மோதிக்கொள்ளும். ஒரு மாணவர் 2006-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதன் விளைவாக 2008 மே 11 அன்று இந்த ஏழு பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து முதல் பொதுத் தேர்வு நடந்தது. அதுதான் 'கிளாட்'. தேர்வு மொழி ஆங்கிலம் மட்டுமே.

2019 வரை இருந்த வினாத்தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம், 200 கேள்விகள். ஆங்கிலம் 40, பொது அறிவு 50, கணிதம் 20, தர்க்கம் 40, சட்டத் திறன் 50. பொது அறிவுக் கேள்விகள் ஒரே வரியில் இருக்கும். இந்த விருதை வாங்கியவர் யார், அந்த நாட்டின் தலைநகரம் எது என்கிற வகை. தமிழ் நாளிதழைத் தினமும் படித்து, ஒரு இயர்புக்கையும் மனப்பாடம் செய்தவரால் இதில் நல்ல மதிப்பெண் எடுக்க முடியும். கணிதத்துக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வேண்டாம். ஆக 200-ல் 70 மதிப்பெண், ஆங்கிலம் சுமாராக இருக்கும் மாணவருக்கும் எட்டும் தூரத்தில் இருந்தது.

இந்த முறைக்குக் கெட்ட பெயரும் இருந்தது. மனப்பாடத்தைச் சோதிக்கிறது, கோச்சிங் சென்டர்களை வாழவைக்கிறது என்றார்கள். பொய்யில்லை. பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து 2017-ல் அமைத்த கூட்டமைப்பு, 2020 தேர்விலிருந்து எல்லாவற்றையும் மாற்றியது. கேள்விகள் 150 ஆகக் குறைந்தன. ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தி, அதன் கீழே கேள்விகள். பொது அறிவும் பத்தி, தர்க்கமும் பத்தி, சட்டமும் பத்தி. கணிதத்தில் கூட விவரங்களைச் சிறு பத்தியாகவோ அட்டவணையாகவோ தந்து, அதிலிருந்து கணக்குப் போடச் சொன்னார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு பத்திக்கு ஐந்து கேள்வி என்று வைத்துக்கொண்டால் 150 கேள்விக்கு 30 பத்திகள். 30 பெருக்கல் 450, மொத்தம் 13,500 சொற்கள். கணிதப் பத்திகள் சிறியவை என்று கொஞ்சம் கழித்தாலும் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது. கேள்விகளையும் நான்கு நான்கு விடைகளையும் வாசிப்பது தனி. யோசிப்பதற்கும் நேரம் வேண்டும். இருப்பது 120 நிமிடம்! தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும் என்பதால் குத்துமதிப்பாக விடையளிக்கவும் முடியாது. (2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து கேள்விகளை 120 ஆகக் குறைத்தார்கள். நேரம் அதே இரண்டு மணி. சுமை கொஞ்சம் குறைந்தது. முறை மாறவில்லை.)

மனப்பாடத்தை ஒழிக்க வந்த சீர்திருத்தம், வினாத்தாள் முழுவதையும் ஆங்கில வாசிப்புத் தேர்வாக்கிவிட்டது. பெயருக்குத்தான் ஐந்து பிரிவுகள். ஆங்கிலப் பிரிவு என்று தனியாக ஒன்று இருப்பதே இப்போது கொஞ்சம் வேடிக்கையாகத் தெரிகிறது.

தமிழ் வழியில் படித்த ஒருவருக்கு இதில் எங்கே இடிக்கிறது? பலரும் 'வொக்காபுலரி' என்பார்கள். கடினமான சொற்களைப் பட்டியல் போட்டுப் படித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சொற்களும் ஒரு பிரச்சினைதான். ஆனால் அங்கேயும் தொல்லை கொடுப்பவை கடினமான சொற்கள் அல்ல, தெரிந்த சொற்கள். 'கன்சிடரேஷன்' என்றால் பரிசீலனை என்று அகராதியில் படித்திருப்போம். ஒப்பந்தச் சட்டத்தில் அது ஒரு வாக்குறுதிக்குப் பதிலாகக் கிடைக்கும் பயன். நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் 'பிரதிப்பிரயோஜனம்' என்று எழுதுகிறார்களே, அதுதான். 'பார்ட்டி' என்றால் விருந்தும் அல்ல, கட்சியும் அல்ல, வழக்கில் ஒரு தரப்பு. 'ஆக்‌ஷன்' என்றால் சண்டைக்காட்சி அல்ல, வழக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் வாக்கிய அமைப்பு. தமிழில் நிபந்தனை முதலில் வரும், முடிவு கடைசியில் வரும். 'எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் கட்டட உரிமையாளருக்குப் பொறுப்பில்லை' என்போம். ஆங்கிலச் சட்ட வாக்கியம் பெரும்பாலும் தலைகீழாக ஓடும். உரிமையாளருக்குப் பொறுப்பில்லை என்று முதலிலேயே முடிவைச் சொல்லிவிடும். பிறகு 'பலகை வைத்திருக்கும் பட்சத்தில்' என்று ஒரு நிபந்தனை. அதன் வாலில் 'அடிபட்டவர் அதைப் பார்த்திருக்க முடியாது என்றாலொழிய' என்று ஒரு விதிவிலக்கு. தமிழில் யோசிக்கும் மாணவர் வாக்கியத்தை முழுக்கப் படித்து, மனதுக்குள் திருப்பிப் போட்டு, பிறகுதான் புரிந்துகொள்கிறார். சட்டம் புரியாமல் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் சொற்களில் அந்த இரண்டு முறை என்பது எத்தனை கேள்விகளைத் தின்றுவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நன்றாகத் தயாராகிறவர்கள் சொற்பட்டியலோடு நிறுத்துவதில்லை. தலையங்கம் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்துப் படித்து, மூடிவைத்துவிட்டுச் சாரத்தை இரண்டு வரியில் எழுதிப் பார்க்கிறார்கள். 'அன்லெஸ்', 'ப்ரொவைடட்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' போன்ற கீல் சொற்களைக் கண்டால் நின்று, எது விதி எது விலக்கு என்று பிரிக்கிறார்கள். கசப்பான மருந்துதான். ஆனால் மாதக்கணக்கில் செய்தால் திருப்பிப் போடும் வேலை தானாகக் குறைகிறது. பிரச்சினை என்னவென்றால், அந்த மாதங்கள் யாருக்கு இருக்கின்றன என்பதுதான். தமிழ்நாட்டில் பொதுத் தேர்வுக்கே மூச்சுமுட்டும் பிளஸ் டூ ஆண்டு அது. கிளாட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2020களின் தொடக்கத்தில் பொதுப் பிரிவுக்கு 4000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3500 ரூபாய். தமிழக அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம் என்பதால், திருச்சியில் 2013 முதல் ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் நடந்துவருவதையும், அதில் சேரக் கிளாட் எழுத வேண்டும் என்பதையும் பல பள்ளிகளில் யாரும் சொல்வதே இல்லை.

இந்த இடத்தில் ஷம்நாத் பஷீரைச் சொல்லியாக வேண்டும். பெங்களூர் சட்டப் பள்ளியில் படித்தவர், காப்புரிமைச் சட்டத்தில் பெயர் பெற்ற பேராசிரியர். கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 2010-ல் 'ஐ.டி.ஐ.ஏ.' என்ற அமைப்பைத் தொடங்கினார். சட்ட மாணவர்களே தன்னார்வலர்களாகக் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போவார்கள். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்வார்கள். திறமையுள்ள ஏழை மாணவர்களைத் தேர்ந்தெடுத்து நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தருவார்கள். தேறிய பிறகும் கைவிடுவதில்லை, ஏனென்றால் வகுப்பறையிலும் அதே ஆங்கிலம் காத்திருக்கிறது. தேர்வு நடத்தும் முறையில் இருந்த குளறுபடிகளை எதிர்த்து 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவரும் அவர்தான். 2019 ஆகஸ்டில் இறந்துபோனார். புதிய பத்தி முறை வந்ததை அவர் பார்க்கவில்லை.

2023-ல் இன்னொரு வழக்கு. கிளாட்டைப் பிற இந்திய மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று ஒரு சட்ட மாணவர் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். 2021 முதல் ஜே.இ.இ. மெயின் தேர்வையும் தமிழில் எழுதலாம். சட்டத்துக்கு மட்டும் ஏன் கூடாது என்பது நியாயமான கேள்வி. எதிர்வாதமும் லேசானதல்ல. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவுப்படி உச்ச நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலமே. தமிழில் தேர்வெழுதி உள்ளே வருபவர் முதல் பருவத்திலேயே திணறமாட்டாரா? திணறக்கூடும். பாவ்நகரில் ஒருவர் திணறினார். ஆனால் ஐந்து ஆண்டுகளில் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றை, உள்ளே வரும் முன்பே வைத்திருக்க வேண்டும் என்று கேட்பது வேறு விஷயம்.

கூட்டமைப்பு நிபுணர் குழு அமைத்திருப்பதாகவும், அடுத்த தேர்வுக்குள் இதைச் செய்ய அவகாசம் போதாது என்றும் நீதிமன்றத்தில் சொன்னது. 2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வும் ஆங்கிலத்தில்தான்.

சட்டப் படிப்பை முடித்தவர்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்வதற்கு எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்று உண்டு. இந்திய பார் கவுன்சில் 2011 மார்ச்சில் அதை முதன்முதலாக நடத்தியபோதே தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத அனுமதித்தது. 2024-ல் அது டிசம்பர் 22-ல் நடந்தது, கிளாட் முடிந்து மூன்று வாரம் கழித்து. அந்த வினாத்தாள் தமிழிலும் இருந்தது.