கண்டி நீரூற்றும் தோட்டத்துப் பீலியும்

நகரங்கள் தம் பெருமையை நீரினால் எழுதிவைத்தல் உலகெங்குமுள்ள வழக்கமாகும். ஸ்பானிய நாட்டின் பார்சலோனா நகரிலே சியுதாதெலா என்னும் பூங்கா உண்டு. 1714 ஆம் ஆண்டில் அந்நகரைக் கைப்பற்றிய ஐந்தாம் பிலிப்பு மன்னன், குடிகளை அடக்கியாளும் பொருட்டு எழுப்பிய கோட்டை முன்னர் அவ்விடத்தில் நின்றது. 1869 இல் அந்நிலம் நகரத்தாருக்கு மீண்டது. கோட்டையிருந்த இடத்திற் பூங்காவும், அதனுள்ளே சிற்பங்கள் நிறைந்த பெரியதொரு நீரூற்றும் எழுந்தன. நீரூற்றின் வேலை 1875 இல் தொடங்கிற்று. அதனைக் காணச் செல்வோர், ஒரு நகரம் தன் நிலத்தை மீட்ட கதையையும் உடன் கண்டு திரும்புகின்றனர்.

அதே 1875 ஆம் ஆண்டின் நினைவைத் தாங்கிய நீரூற்றொன்று கண்டி நகரிலும் உண்டு. தலதா மாளிகைக்கும் புனித பவுல் தேவாலயத்துக்கும் அண்மையிலே, வாவிக்கரையோரமாக நிற்கும் அது, அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் அல்பேட் எட்வேட் கண்டிக்கு வந்தமையின் நினைவாக இலங்கைக் கோப்பித் தோட்டத் துரைமாரால் நிறுவப்பட்டது. வழிச்செல்வோர் பலர் அதனை நகருக்கு ஓர் அணி எனக் கண்டு அப்பாற் செல்வர். வரலாற்றை அறிய விழைவோர்க்கோ, அது சொல்லும் கதையும் உண்டு. சொல்லாது விட்ட கதையும் உண்டு.

நீரூற்றுக்கு அருகிலுள்ள வாவி, கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனால் அமைக்கப்பட்டது. நாயக்க மரபினனான அம்மன்னன் 1815 இல் ஆங்கிலேயர் கைப்பட்டு, வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1832 இல் ஆங்கே உயிர் நீத்தான். அவனது அரசு வீழ்ந்த பத்தாண்டுக்குள் மலைச்சரிவுகளிற் கோப்பிப் பயிர் வேரூன்றத் தொடங்கிற்று. தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியையும் அமைப்பித்தார். அவ்வீதி வேலையில் ஈடுபட்டு 1829 இல் இறந்த தளபதி டோசனுக்குக் கடுகண்ணாவையில் நினைவுக்கோபுரம் ஒன்று நிற்கின்றது. மலையகத்தில் ஆளுவோர் எழுப்பிய நினைவுச் சின்னங்கள் இவ்வாறு வழிநெடுக வளர்ந்தன.

காட்டை வெட்டியவர், கன்றை நட்டவர், பழத்தைப் பறித்தவர் யாவர்? தம் வயலையும் வளவையும் உடைய கண்டிக் குடியானவர் தோட்டக் கூலிக்கு நிலையாக வர விரும்பினாரல்லர். ஆதலின் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளினின்று, பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்த மக்கள் கங்காணிமாரின் பின்னே வந்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காடு கடந்து மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். அவ்வழியில் நல்ல குடிநீர் கிடைப்பது அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. மலையை அடைந்தோர் மாத்தளை மாரியம்மனை முதலில் வணங்கினர் என்பது மலையக மக்களிடையே வழங்கும் நினைவு. துரைமார் வாவிக்கரையில் நீரூற்று நிறுவுதற்கு முற்பட்ட ஐம்பதாண்டுக் கோப்பிச் செல்வம் இம்மக்களின் உழைப்பால் விளைந்தது. எனினும் நினைவுச் சின்னம் கோப்பித் துரைமாரின் கொடையாகவே நிற்கின்றது.

1875 ஆம் ஆண்டு அத்துரைமாருக்குப் பொற்காலமாகத் தோன்றிற்று. கண்டியில் வைத்தே இளவரசர் தேசாதிபதி வில்லியம் கிறெகரிக்குச் 'சேர்' பட்டம் வழங்கினார். பின்னர்க் கொழும்புத் துறைமுக அணைக்கு அடிக்கல் நாட்டினார். அவ்விழாக்களின் ஒளிக்கு அடியில் ஓர் இருள் பரவிக்கொண்டிருந்தது. 1869 இலேயே கோப்பியிலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அது ஒருவகைப் பூஞ்சணம். இலைமேற் படிந்த நீர்த்துளியில் அதன் வித்துகள் முளைத்தன. காற்று அவற்றைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டு சென்றது. விளைச்சல் குறைந்தபோதும் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்தமையால் நட்டம் மறைந்து நின்றது. துரைமார் மேலும் கடன்பட்டு மேலும் காடழித்துக் கோப்பியையே நட்டனர். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை நோய்க்குத் துணையாயிற்று என்பதனை, 1880 இல் ஆராய வந்த மார்ஷல் வோட் என்னும் அறிஞர் விளக்கினார். அப்பொழுது காலம் கடந்துவிட்டது. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. பல துரைமார் பொருளிழந்து நாட்டை விட்டே சென்றனர். நீரூற்றை நிறுவியோர், அதனை நிறுவிய பத்தாண்டுக்குள் ஒரு வகுப்பாகவே மறைந்தொழிந்தனர்.

கோப்பி வீழ்ந்த நிலத்திலே தேயிலை எழுந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, 1890 களின் நடுவில் மூன்று இலட்சம் ஏக்கர் அளவுக்குப் பெருகிற்று. புகைவண்டிப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையே முதன்மையான வேறுபாடொன்று உண்டு. கோப்பிப் பழம் பருவத்தில் மட்டும் பறிக்கப்படுவது. பறிப்பு முடிந்ததும் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆதலின் வழிப்போக்கராய் வந்தோர் குடும்பத்தோடு லயங்களிற் குடியேறி மலையகத்தின் நிலையான குடிகளாயினர்.

லயத்தைச் சார்ந்த வாழ்வுக்கு நடுவிடம் பீலியாகும். மலைச்சரிவில் ஊறிவரும் நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ குழாயாலோ வழிப்படுத்தி விழச்செய்யும் இடமே பீலி. அதற்குச் சிற்பமில்லை, கல்வெட்டில்லை. விடியுமுன் பெண்கள் குடத்தோடு காத்து நிற்பதும், வேலை முடிந்தோர் குளிரில் உடல் கழுவுவதும், ஊர்ச் செய்தி பரவுவதும், சச்சரவு மூள்வதும் தணிவதும் அங்கேயே. கோடையிற் பீலி வற்றினால் லயம் முழுவதும் தவிக்கும். மேற்சரிவில் நீர் மாசுபட்டாற் கீழுள்ளோர் நோயுறுவர். திருவிழாக் காலத்தில் மாரியம்மனுக்குக் கரகம் பாலிப்பதும் ஓடும் நீரின் கரையிலேயே. ஒரு மக்கட்கூட்டம் மண்ணில் வேர்கொண்டமைக்கு அவர்கள் நீரெடுக்கும் இடத்தினும் சிறந்த சான்று வேறு யாது?

அச்சான்றைச் சட்டம் ஏற்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கிற்று. 1949 இல் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சரிபாதியாகப் பகிர்ந்தன. அவர்தம் கருத்தை எவரும் கேட்டிலர். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் எஞ்சியோர் குடியுரிமை பெற்றனர். நூற்றாண்டுக்கு மேலாக உழைத்த மக்கள் வழிப்போக்கர் எனக் கருதப்பட்டமைக்குக் காரணங்கள் பல. அவர்தம் வருகைக்கும் உழைப்புக்கும் கண்முன்னே நிற்கும் சான்று எதனையும் ஆளுவோர் எழுப்பாமையும் அக்கருத்துக்குத் துணைபோயிற்று எனலாம்.

பார்சலோனா மக்கள் கோட்டையை இடித்து நீரூற்று அமைத்தனர். கண்டி நீரூற்றை இடித்தல் வேண்டா. அதுவும் ஒரு காலத்தின் சான்றே. அதன் அருகிற் பிறிதொரு நினைவும் வைக்கப்படல் வேண்டும் என்பதே நேர்மை. 2023 இல் மலையகத்தாரும் அவர்தம் நண்பரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியிலே மீண்டும் நடந்து இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். அந்நடை நல்லதொரு தொடக்கம். ஒவ்வொரு தோட்டத்திலும் பழைய பீலி எங்கிருந்தது, அதனை வெட்டியோர் யாவர், எவ்வாண்டில் வற்றிற்று என்பவற்றை முதியோர்பாற் கேட்டு எழுதிவைத்தல் மாணவர் கைக்கெட்டும் பணி. முதியோர் மறையுமுன் அது செய்யப்படல் வேண்டும். வாவிக்கரை நீரூற்றைக் காணச் செல்லும் மாணவர், அதனை நிறுவிய கோப்பித் துரைமார் இன்றில்லை என்பதனையும், அவர்கள் பெயர்குறியாது விட்டோரின் வழித்தோன்றல்கள் மலைமேல் இன்றும் பீலியில் நீரெடுக்கின்றனர் என்பதனையும் சேர்த்து எண்ணுவாராக.