பகிர்வுக் கோப்புறைகளுக்கிடையே கோப்பு நகர்த்தல்: வரலாறு

வீட்டுப் பிணையச் சேமிப்பகம் என்பது கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் ஒரே வன்தட்டுத் தொகுப்பைப் பயன்படுத்த உதவும் சிறிய வழங்கி ஆகும். இதில் 'படங்கள்', 'திரைப்படங்கள்', 'அலுவல்' எனத் தனித்தனிப் பகிர்வுக் கோப்புறைகளை அமைத்துக்கொள்வது வழக்கம். ஒரு பகிர்வுக் கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு 40 ஜிபி அளவுள்ள திருமணக் காணொளியை நகர்த்தினால், ஒரு வீட்டில் அது கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறது. மற்றொரு வீட்டில் ஒரு மணி நேரம் இழுக்கிறது. பலரும் கம்பியையோ வைஃபையையோ குறை கூறுவர். உண்மையில் 'நகர்த்து' என்ற ஒரே கட்டளைக்குள் இரண்டு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று பெயரை மாற்றி எழுதுவது. மற்றொன்று முழுவதையும் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிப்பது. எந்த இடத்தில் எது நடக்கும் என்பது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மாறி மாறி வந்துள்ளது.

யூனிக்ஸ்: பெயர் வேறு, கோப்பு வேறு

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பின் உள்ளடக்கமும் அதன் பெயரும் தனித்தனியாக வைக்கப்பட்டன. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' எனப்படும் எண் உண்டு. கோப்புறை என்பது பெயரையும் அந்த எண்ணையும் சேர்த்துக் குறித்து வைக்கும் பட்டியல் மட்டுமே. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் ஒரு பதிவின் நீளம் 16 பைட்டுகள்: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. ஆகவே கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை நகர்த்துவதற்கு ஓரிடத்தில் 16 பைட்டுகளை எழுதி, வேறோரிடத்தில் ஒரு பதிவை நீக்கினால் போதும்.

நூலகத்தின் அட்டைப்பெட்டியை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். நூல் அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கும். அட்டை மட்டும் ஓர் இழுப்பறையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். ஆனால் அட்டையைப் பக்கத்து ஊர் நூலகத்தில் செருகினால் பயனில்லை. அங்கே அந்த அலமாரி எண் வேறு நூலைக் குறிக்கும். யூனிக்ஸின் 'எம்வி' கட்டளைக்கும் இதே வரம்பு இருந்தது. இரண்டு இடங்களும் வெவ்வேறு கோப்பு முறைமைகளில் இருந்தால் இயங்குதளம் 'வேறு சாதனம்' என்ற பொருளுடைய 18ஆம் எண் பிழையைத் திருப்பியது. அப்போது 'எம்வி' கோப்பை நகலெடுத்து மூலத்தை அழித்தது. இன்றைய லினக்ஸிலும் அந்தப் பிழைக்கு எண் 18தான்.

பழைய முறையில் ஒரு பலவீனம் இருந்தது. புதிய பெயரைச் சேர்ப்பதும் பழைய பெயரை நீக்குவதும் இரண்டு தனிப் படிகள். ஏற்கெனவே அப்பெயரில் ஒரு கோப்பு இருந்தால் முதலில் அதை நீக்கியாக வேண்டும். அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் பழைய கோப்பும் இல்லை, அப்பெயரில் புதியதும் இல்லை. 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி, பெயர்மாற்றத்தை இடையில் பிளக்க முடியாத ஒரே செயலாக ஆக்கிப் புதிய அழைப்பொன்றைத் தந்தது. வேகமான நகர்த்தல் பாதுகாப்பான நகர்த்தலாகவும் ஆனது அப்போதுதான்.

தனிக்கணினி உலகம் இதில் பின்தங்கியிருந்தது. எம்எஸ்-டாஸ் 1983இல் 2.0 பதிப்பிலேயே கோப்புறைகளைப் பெற்றுவிட்டது. கோப்பு நகர்த்தும் கட்டளையோ 1993இல் 6.0 பதிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளும் நகலெடு, பிறகு அழி என்பதே வழி. இல்லையேல் நார்ட்டன் கமாண்டர் போன்ற துணை மென்பொருள் வேண்டும்.

பிணையம் வந்த பின்

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் என்எஃப்எஸ் நெறிமுறையும், அதே காலப்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் தொடங்கிவைத்த எஸ்எம்பி நெறிமுறையும் தொலைவிலுள்ள வன்தட்டைச் சொந்த வன்தட்டுப் போலக் காட்டின. கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் வெளியிட்ட மென்பொருள் பின்னர் சாம்பா என்ற பெயரைப் பெற்றது; யூனிக்ஸ் வகைக் கணினிகளும் எஸ்எம்பி பேசத் தொடங்கின. இன்று வீடுகளிலுள்ள சேமிப்பகங்களில் பெரும்பாலானவை லினக்ஸையும் சாம்பாவையும் கொண்டே இயங்குகின்றன.

எஸ்எம்பியில் பெயர்மாற்றக் கட்டளை உண்டு. ஆனால் அதில் தரப்படும் புதிய பெயர், அந்தப் பகிர்வுக் கோப்புறையின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். 'படங்கள்', 'திரைப்படங்கள்' இரண்டும் ஒரே வன்தட்டில் அருகருகே இருந்தாலும், கணினியின் பார்வையில் அவை இரண்டு நூலகங்கள். எனவே கணினி கோப்பைத் தன்னிடம் வரவழைத்து, மீண்டும் அதே பெட்டிக்கு அனுப்பும். நொடிக்கு 100 மெகாபிட் கம்பியில் 40 ஜிபி ஒருமுறை கடக்கவே குறைந்தது 53 நிமிடங்கள் ஆகும். கிகாபிட் கம்பியில் 5 நிமிடங்களுக்குச் சற்று மேல். வைஃபையில் வருவதும் போவதும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்வதால் நேரம் இரட்டிக்கும். நடுவில் மடிக்கணினி உறங்கிவிட்டால் படங்கள் பாதி இங்கே, பாதி அங்கே என்று நிற்கும்.

இந்த வீண் பயணத்தைத் தவிர்க்கும் வழி முன்பே இருந்தது என்பதுதான் வியப்பு. 1980களின் லேன் மேனேஜர் காலத்து எஸ்எம்பியில், வழங்கி தனக்குள்ளேயே நகலெடுத்துக்கொள்ளும்படி சொல்லும் கட்டளை இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் என்டி காலத்தில் அது வழக்கொழிந்ததாகக் கைவிடப்பட்டது. பிற்காலத்தில் அதே எண்ணம் வேறு வடிவில் திரும்பியது: கணினி கோப்பின் துண்டுகளைச் சுட்டிக்காட்டும், வழங்கி அவற்றைத் தானே நகலெடுக்கும். சாம்பா இதை 2013இல் 4.1 பதிப்பில் ஏற்றது. விண்டோஸ் 8 முதலான கணினிகள் கேளாமலே இதைப் பயன்படுத்துகின்றன. என்எஃப்எஸ் 2016இல் 4.2 பதிப்பில்தான் இதைத் தரப்படுத்தியது.

புதிய கோப்பு முறைமைகளின் முரண்

எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இயங்கும் பழைய சேமிப்பகங்களில் பகிர்வுக் கோப்புறைகள் பொதுவாக ஒரே தொகுதியிலுள்ள சாதாரணக் கோப்புறைகளே. பெட்டியின் சொந்தக் கோப்பு மேலாளரை உலாவியில் திறந்து நகர்த்தினால் அங்கே வெறும் பெயர்மாற்றம் நடக்கும், நொடியில் முடியும். விலை கூடிய புதிய பெட்டிகளில் இது மாறியது. 2005இல் வெளிவந்த இசட்எஃப்எஸ், 2009இல் லினக்ஸில் இணைந்த பிடிஆர்எஃப்எஸ் ஆகியவை ஒவ்வொரு பகிர்வுக் கோப்புறையையும் தனி உட்பிரிவாக வைத்துக்கொள்ள உதவின. குறித்த நேரத்து நிலையை அப்படியே காத்துவைக்கவும், கோப்புறைக்கோர் இட வரம்பு விதிக்கவும் இது தேவைப்பட்டது. ஆனால் உட்பிரிவுகளுக்கிடையே பெயர்மாற்றம் செல்லாது. அதே 18ஆம் எண் பிழை ஒரே வன்தட்டுக்குள்ளேயே தலைகாட்டியது. இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. காத்துவைத்த பழைய நிலை மூலக் கோப்பின் இடத்தை விடுவிக்காது. நகலெடுத்து அழித்தால் 40 ஜிபி காணொளி 80 ஜிபியை அடைத்துக்கொள்ளும்.

இதற்கு விடையாக வந்தது தரவைத் தொடாமல் நகலெடுக்கும் முறை. புதிய கோப்பு பழைய கோப்பின் அதே தரவுத் தொகுதிகளையே சுட்டும். எவரேனும் திருத்தும்போது மட்டும் அந்தப் பகுதி பிரியும். லினக்ஸ் 3.6 (2012) முதல் பிடிஆர்எஃப்எஸ் உட்பிரிவுகளைக் கடந்தும் இது இயன்றது. 2015இல் குனூ 'எம்வி' கட்டளையும் முழு நகலுக்குப் போகுமுன் இதை முயன்று பார்க்கத் தொடங்கியது.

இசட்எஃப்எஸுக்கு இவ்வசதி 2023 அக்டோபரில் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2 பதிப்புடன் வந்தது. சில வாரங்களில், நகலெடுத்த கோப்புகளின் சில பகுதிகள் வெறும் சுழியங்களாக இருப்பது தெரியவந்தது. ஐயம் புதிய வசதியின் மேல் விழ, 2.2.1 பதிப்பு அதை நிறுத்திவைத்தது. ஆராய்ந்தபோது குற்றவாளி வேறு: எழுதி முடியாத கோப்பை எழுதி முடிந்ததாகக் கருதும் பழைய பிழை ஒன்று 2.1 வரிசையிலும் இருந்தது தெரிந்தது. 2.2.2, 2.1.14 பதிப்புகள் அதைத் திருத்தின. மூலத்தை அழித்துவிடும் நகர்த்தலில் இத்தகைய பிழை நேர்ந்தால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது என்பதால் அக்காலத்தில் பலர் நகலைச் சரிபார்த்த பின்னரே அழித்தனர்.

வீட்டுப் பயன்பாட்டில்

ஒரே பெரிய பகிர்வுக் கோப்புறையை அமைத்து, அதற்குள் வகைவாரியாகத் துணைக்கோப்புறைகளை வைத்தால் எந்தக் கணினியிலிருந்தும் நகர்த்தல் பெயர்மாற்றமாகவே முடியும். இதற்கு விலையாக, யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பிரித்துவைப்பது கடினமாகும். அனுமதிகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. பெயர்மாற்றத்தால் நகர்ந்த கோப்பு பொதுவாகத் தன் பழைய அனுமதிகளையே உடன் கொண்டுவரும். நகலெடுக்கப்பட்ட கோப்போ புதிய இடத்தின் அனுமதிகளைப் பெறும். நொடியில் நகர்ந்த காணொளி வீட்டின் மற்றவர்களுக்குத் திறக்காமல் போவதற்கு இதுவே காரணம். சேமிப்பகத்தின் அமைப்புப் பக்கத்தில், மேற்கோப்புறையின் அனுமதிகளை உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் பொருந்தச் செய்தால் அது சரியாகிவிடும்.