வழிபாட்டின் இசையும் வாத்தியக்காரர் கூலியும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், அருவிகளுக்குப் பேர்போன இறம்பொடையைச் சூழ்ந்த மலைநாட்டுத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில்களும் உண்டு. மாதா கோயில்களும் உண்டு. திருவிழாக் காலத்தில் இரண்டிலும் இசை முழங்குகின்றது. அந்த இசையை எழுப்புகின்றவனுக்குக் கிடைப்பது கூலியா, இனாமா? பக்தியைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்கத் தவறும் கேள்வி இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்கு வந்த மக்களோடு தப்பும் வந்தது. அதனை அடிக்கும் கடமையைப் பிறப்போடு பிணைத்த சாதி முறையும் வந்தது. விடியுமுன் லயங்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு மக்களை அழைத்தது தப்பு. காமன் கூத்துக்கும், அம்மன் ஊர்வலத்துக்கும், சாவீட்டுக்கும் அதுவே வேண்டியிருந்தது. ஆயினும், நாதஸ்வர மேளத்துக்குத் தொகை பேசி அச்சாரம் கொடுக்கும் வழக்கம் இருக்க, தோட்டத்துத் தப்புக்காரனுக்குச் சில்லறையும் துணியும் சாராயமுமே போதுமெனக் கருதப்பட்டது. பேசித் தீர்த்த தொகை கூலி; கொடுப்பவன் மனம்போல் விழுவது இனாம். கூலிக்கு வழக்காடலாம், இனாமுக்குக் கைகூப்பத்தான் வேண்டும்.

இது கோயிலுக்கு மட்டும் உரிய குறை என எண்ணுவது பிழை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத் தேவாலய இசைக்குப் பொறுப்பாயிருந்த பாக், சாவுகள் குறைந்தால் தமது வரும்படியும் குறைகின்றதென 1730இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் முறையிட்டார். உலகம் போற்றும் மேதையும் சாவீட்டு வரும்படியை எண்ணி வாழ வேண்டியிருந்தது. தஞ்சையில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), பாதிரிமாரோடு ஏற்பட்ட பிணக்கில் 1829இல் மிஷன் பணியை இழந்தார். திருச்சபையில் சாதி வேற்றுமை நிலைக்க வேண்டுமென வாதிட்டவர் அவர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், எஜமானரின் கருத்துக்கு இசையாத பாடகனின் சோறு பறிபோகும் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. பின்னர் அவரைத் தாங்கியது சரபோஜி மன்னரின் தயவே.

1927ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தொழிலாளர் கூட்டங்களில் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாடினார். கூலிக்காகப் பாடத் தெரிந்த சமுதாயம், பாடுவதற்கும் கொட்டுவதற்கும் உரிய கூலியைப் பேச மறந்தது.

தமிழகத்தில் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) போன்றோர் பறையைத் தேவாலய வழிபாட்டுக்குள் கொண்டுவந்தனர். வாத்தியம் உள்ளே வருவது மட்டும் போதாது. கோயில் கமிட்டியும் திருச்சபையும் விழாவுக்கு முன்னரே தொகையைப் பேச வேண்டும், சாதியைச் சொல்லி எவரையும் கொட்ட வற்புறுத்தலாகாது, மறுப்பவனைப் பகைக்கலாகாது. தெய்வத்தின் பெயரால் செய்வதாயினும் உழைப்பு உழைப்பே. அதற்குரிய கூலியைக் கேட்பது பக்திக் குறைவு ஆகாது.