கோரி டென் பூம்

கோரி டென் பூம் (ஏப்ரல் 15, 1892 - ஏப்ரல் 15, 1983) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கிறித்தவ எழுத்தாளரும் சொற்பொழிவாளரும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களுக்கு அடைக்கலம் அளித்ததற்காக நாசிகளால் சிறையிலடைக்கப்பட்டார். தமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதில் தமக்கிருந்த போராட்டத்தை வெளிப்படையாக எழுதியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவரது தந்தை காஸ்பர் டென் பூம் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை நடத்தி வந்தார். கோரியும் அத்தொழிலைக் கற்று, 1922 இல் நெதர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்கு உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார். 1940 மே மாதம் செருமனி நெதர்லாந்தைக் கைப்பற்றியது. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த இக்குடும்பத்தினர், தேடப்பட்ட யூதர்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்தனர். கோரியின் படுக்கையறையில் ஒரு போலிச் சுவரின் பின்னால் மறைவிடம் அமைக்கப்பட்டது.

ஒருவர் காட்டிக்கொடுத்ததால் பெப்ரவரி 28, 1944 அன்று குடும்பத்தினர் கைது செய்யப்பட்டனர். மறைவிடத்தில் இருந்த ஆறு பேர் மட்டும் பிடிபடவில்லை. 84 வயதான காஸ்பர் பத்து நாட்களில் காவலில் இறந்தார். கோரியும் அவரது அக்கா பெட்சியும் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1944 டிசம்பரில் பெட்சி அங்கு இறந்தார். அம்மாத இறுதியில் கோரி விடுவிக்கப்பட்டார். எழுத்தர் ஒருவரின் பிழையே தமது விடுதலைக்குக் காரணம் எனப் பின்னர் அறிந்ததாக அவர் குறிப்பிட்டுள்ளார்.

மியூனிக் நிகழ்வு

போருக்குப் பின் கோரி, முகாம்களில் இருந்து மீண்டவர்களுக்காக மறுவாழ்வு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1947 இல் மியூனிக் நகரத் தேவாலயம் ஒன்றில் இறைவனின் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவரிடம் வந்து கை நீட்டினார். அவர் ராவன்ஸ்புரூக்கில் காவலராக இருந்தவர் என்பதைக் கோரி அடையாளம் கண்டுகொண்டார். காவலருக்கோ இவரை நினைவில்லை. தாம் கிறித்தவராகிவிட்டதாகக் கூறிய அவர், கோரியிடம் மன்னிப்புக் கேட்டார்.

சற்றுமுன் மன்னிப்பைப் போதித்த கோரியால் அக்கையைப் பற்ற இயலவில்லை. அக்காவின் சாவு அவர் கண்முன் நின்றது. பிறரை மன்னியாதவருக்கு இறைவனின் மன்னிப்பு இல்லை என்னும் இயேசுவின் போதனையும் (மத்தேயு 6:15) நினைவுக்கு வந்தது. உள்ளத்தில் அன்பு சிறிதும் இல்லாத நிலையில், உதவி வேண்டி மனத்துள் மன்றாடியபடி இயந்திரம்போல் கையை நீட்டியதாகவும், அதன் பின்னரே தம்முள் பரிவு சுரந்ததாகவும் அவர் எழுதியுள்ளார்.

மன்னிப்பு பற்றிய கருத்து

மன்னிப்பு உணர்ச்சி அன்று, மனவுறுதியின் செயல் என்பது கோரியின் கருத்தாகும். உணர்ச்சி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றார். எனினும் இப்போராட்டம் மியூனிக் நிகழ்வுடன் முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் நண்பர்கள் சிலர் செய்த தீங்கை மன்னித்த பின்னும் அது நினைவில் எழுந்து அவரது உறக்கத்தைக் கெடுத்தது. அப்போது போதகர் ஒருவர் கோவில் மணியை உவமை கூறினார்: கயிற்றை விட்ட பின்னும் மணி சிறிது நேரம் ஒலிக்கும், மீண்டும் இழுக்காவிட்டால் ஒலி மெல்ல அடங்கும். மன்னித்த பிறகும் எழும் சினம் அத்தகையதே என இவர் கொண்டார்.

பிறர் சார்பில் மன்னிக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பது இதனோடு தொடர்புடைய வினாவாகும். வதைமுகாமில் இருந்து மீண்ட யூதரான சைமன் வீசெந்தால், சாகும் தறுவாயில் மன்னிப்புக் கேட்ட நாசிப் படைவீரனிடம் பதில் கூறாது வெளியேறியதைத் தம் "சூரியகாந்தி" நூலில் விவரித்து, இவ்வினாவை வாசகர் முன் வைத்தார். கோரி தம் பங்குக்கு உரியதையே மன்னித்தார் எனலாம். பெட்சியின் சார்பிலும் மன்னிக்க அவருக்கு இயலுமா என்பது விவாதத்திற்குரியது.

பிற்காலம்

1967 இல் இசுரேலின் யாத் வசெம் அமைப்பு இவரை "நாடுகளிடையே நேர்மையாளர்" எனச் சிறப்பித்தது. இவரது "மறைவிடம்" என்னும் தன்வரலாறு 1971 இல் வெளியாகி, 1975 இல் திரைப்படமானது. இவர் தமது 91 ஆவது பிறந்த நாளன்று கலிபோர்னியாவில் காலமானார். ஹார்லெம் வீடு 1988 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.