எரியாமல் எஞ்சிய ஏடுகள்

படித்துவிட்டுத் தூக்கியெறியும் தாள் பின்னாளில் பெருஞ்செல்வமாகும் என்று எவர்தாம் எண்ணியிருப்பார்?

1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் வெளிவந்தது. சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய அச்சித்திரக்கதை ஏட்டின் விலை 10 சென்ட்; அச்சானவை சுமார் 2 லட்சம் படிகள். சிறுவர்கள் படித்தார்கள், கைமாற்றினார்கள், கிழிந்ததும் எறிந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பழந்தாள் திரட்டும் இயக்கம் இத்தகைய ஏடுகளை வாரிக்கொண்டு போயிற்று. 1948-இல் சில ஊர்களில், பெரியோரின் தூண்டுதலால் மாணவர்களே அவற்றைக் குவித்துத் தீயிட்டனர். 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வெர்தாம், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என நூலெழுதினார். செனட் குழுவும் விசாரித்தது.

இத்தனைக்கும் தப்பியவற்றையே சேகரிப்போர் தேடி அலைகின்றனர். பல்லாண்டு தேடிய இதழொன்று பழம்பெட்டியின் அடியில் கிட்டும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சிக்கு அளவேது! ஆயினும், துயரமும் உடன் வருகிறது. மலிவான மரக்கூழ்த் தாள், தன்னுள் ஊறிய அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்குகிறது. விலையோ எட்டாத உயரம்: 2014-இல் அம்முதல் இதழின் ஒரு படி 32 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அரிய படிகளைத் தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடுகின்றனர். உறையைப் பிரித்தால் மதிப்புக் குறையும்.

ஆசையோடு படித்தவரிடம் ஏடு தங்கவில்லை. ஏட்டை அடைந்தவரோ அதைப் புரட்ட அஞ்சுகிறார். நம் வீட்டுப் பரணில் உறங்கும் பழைய ஏடுகளை எடைக்குப் போடுமுன், ஒருமுறையேனும் பிள்ளைகளோடு அமர்ந்து புரட்டிப் பாருங்கள்.