கொழுந்தில் மலரும் மணம்

கனி மணமும் மலர் மணமும் கலந்த வாசனைத் தைலத்தைக் கையிற் பூசிக்கொள்வோர், அதன் மணம் ஒரே நிலையில் நில்லாமையை அறிவர். பூசியவுடன் தோடை, எலுமிச்சை ஆகியவற்றின் மணம் எழும். உடற்சூட்டில் அது விரைந்து மறைய, ரோசாவும் மல்லிகையும் மேலோங்கும். நெடுநேரத்தின் பின் சந்தனம் போன்ற கனத்த மணமே தோலில் எஞ்சும். எளிதில் ஆவியாவது முந்துகின்றது. அரிதில் ஆவியாவது தங்குகின்றது. இலங்கை மலைநாட்டின் அட்டன், நுவரெலியாத் தேயிலையிலும் மணம் இவ்வாறே படிப்படியாக மாறி வருகின்றது. அம்மணத்திற்கு ஒரு வரலாறும் உண்டு.

மலைநாட்டின் பெருந்தோட்டப் பயிராக முன்னர் விளங்கியது கோப்பி. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆட்கள் வந்தாற் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். ஆகவே தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தோடு லயன் அறைகளில் நிலைத்தனர். 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் புகையிரதம் எட்டியது.

செடியில் நிற்கும் கொழுந்தை முகர்ந்தால் மலர் மணம் தோன்றாது. மல்லிகையிலுள்ள லினலூலும் ரோசாவிலுள்ள ஜெரானியோலும் அவ்விலையிலும் உள்ளன. ஆயினும் சர்க்கரையோடு பிணைந்து மறைந்திருக்கின்றன. பறித்த கொழுந்தை மணிக்கணக்கில் வாட்டி, பின் உருட்டும்போது இலையின் நுண்ணறைகள் உடைகின்றன. நொதியங்கள் அப்பிணைப்பை அறுக்கின்றன. முதலில் பச்சைப் புல்லின் வாடை. இலை செம்பு நிறமாகும்போது மலரும் கனியும் கலந்த மணம். முன்னரே சூடு காட்டினால் பச்சை வாடை நீங்காது. காலந்தாழ்த்தினால் நிறமும் கடுப்பும் மிகும், மணம் குன்றும். தக்க வேளையைத் தெரிந்து இலையை அடுப்புக்கு அனுப்புவதே தொழிற்சாலையின் திறன்.

ஜனவரி முதல் மார்ச் வரை இம்மேற்கு மலைச்சரிவுகளில் வறண்ட குளிர்காற்று வீசும். அப்போது துளிர் மெல்ல வளரும்; மணமோ செறியும். சந்தையில் விலை உயர்வதும் இக்காலத்தேதான். ஆனால் கொழுந்து அருகும் நாட்களில் பறிப்பவளின் கூடை எளிதில் நிறையாது. குறித்த நிறை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்டங்களில் வழங்கிவந்த முறை. தேயிலையின் சிறப்புப் பருவம் அவளுக்குக் குறைந்த கூலியின் பருவமாகவும் அமைந்தது.

அத்தேயிலை நுவரெலியாவின் பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்றது. அதைப் பறித்த மக்களிற் பெரும்பாலோரோ 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்; எஞ்சியோரிற் பலர் 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பிறந்த ஊரின் பெயரைத் தேயிலைப் பெட்டி எளிதாய்ப் பெற்றது. பறித்தவரோ இரண்டு தலைமுறை கடந்தே பெற்றனர். மாலையில் தேநீர் அருந்துவோர் கிண்ணத்திலிருந்து எழும் மணத்தோடு இவ்வரலாற்றையும் நினைவிற் கொள்வது தகும்.